வெள்ளைப் படத்துக்கு வைத்த பொட்டு

அளத்தங்கரையில் உப்பு விளைந்து பாத்தி பாத்தியாக வெளுத்துக் கிடந்த ஒரு பங்குனி மாதத்தில், ஓவியர் கமலவேணியின் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த, ஒன்றுமே வரையாத வெள்ளைப் படம் ஊராரின் துக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ள ஆரம்பித்தது. ஊராரில் முதலில் கொடுத்தவர் மின்கணக்கு எடுக்க வந்த ஞானதுரை. மீட்டரைப் பார்த்து அட்டையில் எழுதிவிட்டுத் திரும்பியவர் எதிர்ச்சுவரில் படத்தைக் கண்டு, இதில் என்னதான் இருக்கிறது என்று இரண்டடி கிட்டே போய் நின்றார். நின்றவர் கால் மணி நேரம் நின்றார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் சொந்த அண்ணன் தன்னைக் கல்யாணப் பந்தியிலிருந்து கையைப் பிடித்து எழுப்பியதை நெஞ்சில் கல்லாக வைத்துக்கொண்டு திரிந்த மனிதர், வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அந்தக் கல்லைக் காணோம். சாவியைத் தொலைத்தவர்போலச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார், பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு மீட்டரைப் பார்க்கப் போனார்.

மறுநாள் மாமியாரைக் கூட்டி வந்தார். அதற்கு மறுநாள் மாமியார் தன் தெருவையே கூட்டி வந்தாள். அந்த வாரக் கடைசிக்குள் கமலவேணியின் வாசலிலிருந்து தபால் நிலையம் வரை வரிசை நின்றது.

கமலவேணி யாரையும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. மகள் ஆதிரை செத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. இந்த ஒன்றரை வருஷத்தில் அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. ஒருநாள் அடுப்பில் கையை வைத்து, தீயும் வாடை மூக்குக்கு வந்த பிறகுதான் அது தன் விரல் என்று கண்டுபிடித்தாள். ஊர் அவளைக் கல் என்றது. அவளுக்கும் அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஒரே ஒரு முறையாவது மகளுக்காக வாய்விட்டு அழுதுவிட வேண்டும் என்பதுதான் அவள் இந்த உலகத்திடம் கேட்டது, அதையும் ஆசையாகக் கேட்கவில்லை, கட்டாமல் விட்ட வரியை நினைத்துக்கொள்வதுபோல அவ்வப்போது நினைத்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். அளத்தங்கரையில் பிறந்து சென்னையில் ஓவியம் படித்து, கணவன் துபாயில் இன்னொரு குடித்தனம் போட்டுக்கொண்ட பிறகு கைக்குழந்தையோடு ஊர் திரும்பியவள் கமலவேணி. ஆரம்பத்தில் அவள் படங்களில் நிறம் பொங்கி வழியும். பாத்தியில் நிற்கும் பெண்களின் சிவப்புச் சேலை, மஞ்சள் வானம், நீல வரப்பு என்று கண் கூசும். பிறகு சீனத்து மை ஓவியங்களைப் பார்த்தாள், பார்த்ததோடு விடாமல் அந்தப் பக்கத்துத் தத்துவங்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தாள். இருப்பதெல்லாம் ஒன்றையொன்று சார்ந்து இருப்பதால் எதற்கும் தனியாக ஓர் உள்ளீடு கிடையாது என்று பௌத்தர்கள் சொன்னதை இருபது வருஷம் மனசுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தாள். படத்துக்கு ஒரு பொருளாக வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தாள். முதலில் பெண்கள் போனார்கள், அப்புறம் உப்புக் குவியல்கள், அப்புறம் வரப்பு, கடைசியில் தொடுவானமும் போனது. ஒவ்வொன்று போகும்போதும் சென்னையில் கைதட்டினார்கள்.

அந்தப் பெயரால்தான் கொரியாவிலிருந்து அழைப்பு வந்தது. மலைமேல் ஒரு கோயில், ஏழு நாள் மௌனம். வாசலிலேயே கைபேசியை வாங்கி ஒரு துணிப்பையில் போட்டுப் பெயர் எழுதி வைத்துக்கொண்டார்கள். கமலவேணி விடியலில் எழுந்து முற்றம் பெருக்கினாள், தரையில் உட்கார்ந்து மூச்சைக் கவனித்தாள், ஒன்றுமில்லாமல் இருப்பது எப்படி என்று பழகினாள், நன்றாகவே பழகினாள். அந்த ஏழு நாளுக்குள் அளத்தங்கரையில் பத்தொன்பது வயசு ஆதிரைக்குத் திங்கட்கிழமை காய்ச்சல் கண்டு வியாழக்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது. துணிப்பைக்குள் கைபேசி அறுபத்திரண்டு முறை அழைத்து ஓய்ந்திருந்தது. எட்டாம் நாள் பையைத் திருப்பிக் கொடுத்த பிக்குணிக்குக் கமலவேணியின் வயசுதான் இருக்கும், முப்பது வருஷமாக வெறுமையைப் பயிலுகிறவள். செய்தியைக் கேட்டதும் அவள் தரையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஆதிரைக்காகத் தலையில் அடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். கமலவேணி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் பயின்ற இவள் ஏன் அழுகிறாள் என்ற கேள்வி மட்டும் அவளோடு விமானம் ஏறி ஊருக்கு வந்தது.

வந்தபோது தகனமே முடிந்திருந்தது. அன்றிலிருந்து ஐந்தடிக்கு நாலடியில் ஒரு துணியை இழுத்துக் கட்டி, வெள்ளை பூசி, முன்னால் உட்கார்ந்தாள். கை எழவில்லை. மறுநாள் தூசி படிந்திருந்ததால் மறுபடி வெள்ளை பூசினாள். பதினோரு மாதம் தினம் பூசினாள். ஒருநாள் இனி பூச வேண்டாம் என்று தோன்றியது, எடுத்துக் கூடத்தில் ஓர் ஆணியில் மாட்டினாள். சென்னைக் கலைக்கூடத்து ரோஷன் வந்து கைபேசி வழியாகவே அதைப் பார்த்துப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு போய், ஆசியத் தத்துவம் இந்தப் பெண்ணின் தூரிகையில் பூரணமடைந்துவிட்டது என்று கனத்த தாளில் அச்சடித்து அனுப்பினார். கமலவேணி அதைப் படித்தாள். தத்துவமும் இல்லை, பூரணமும் இல்லை, கை எழவில்லை அவ்வளவுதான் என்று எழுதிப் போடலாமா என்று யோசித்துவிட்டு, அந்தத் தாளை அரிசிப் பானைக்கு மூடியாகப் போட்டாள்.

ஊர் அதிசயத்தை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், புதிதாக வந்த ரேஷன் கடையை எடுத்துக்கொண்டதுபோல எடுத்துக்கொண்டது. ஊராட்சித் தலைவர் தனுஷ்கோடி பந்தல் போட்டார், டோக்கன் அச்சடித்தார், பெண்களுக்குத் தனி வரிசை, கைக்குழந்தைக்காரிகளுக்கு முன்னுரிமை, வெயிலுக்கு ஒரு தொட்டி மோர். பள்ளிவாசல்காரர்களும் மாதா கோயில்காரர்களும் கூடிப் பேசி, வெள்ளைத் துணிக்கு ஏது மதம் என்று முடிவு செய்து, வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நேரத்தை மட்டும் மாற்றிக் கேட்டார்கள். நாலடி தள்ளி நிற்க வேண்டும், செருப்பு கூடாது, ஆளுக்கு ஐந்து நிமிஷம், ஒரு தடவைக்கு ஒரு துக்கம்தான் என்று விதிகள் தாமாக முளைத்தன. இரண்டு துக்கத்தை ஒரே டோக்கனில் கொடுக்கப் பார்த்த லாரி டிரைவர் ஒருவரை வரிசையே பிடித்து வெளியே தள்ளியது. படம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பழைய வெள்ளையாகவே இருந்தது. எடை மட்டும் ஏறியது. முதலில் ஆணி வளைந்தது, அப்புறம் இரும்புக் கொக்கி இரண்டு போட்டார்கள், அதுவும் தாங்காமல் கொத்தனார் வந்து அடியில் இரும்புச் சட்டம் வைத்துக் கட்டிக் கொடுத்தார். சுவரில் மயிரிழையாக ஒரு விரிசல் கண்டது.

வைகாசி பிறந்தபோது அளத்தங்கரை அமைதியாகிவிட்டது. குழாயடியில் சண்டை இல்லை. மாட்டுத்தரகர் வீராசாமி செத்தபோது பறை அடித்தார்கள், மாலை போட்டார்கள், அழ ஆளில்லை. நாற்பது வருஷம் அவரோடு வாழ்ந்த ரெங்கநாயகி பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் காப்பி குடித்தாயிற்றா என்று விசாரித்தாள். ஐந்து வருஷம் காதலித்தவர்கள் பேருந்து நிறுத்தத்தில் போய்வருகிறேன் என்று சொல்லிப் பிரிந்தார்கள். உப்பே தொழிலாக இருக்கிற அந்த ஊரில், சாம்பாரில் உப்பில்லை என்று ஒரு வீட்டிலும் தட்டு பறக்கவில்லை, போட்டதைத் தின்றுவிட்டு எழுந்தார்கள். உப்பளத்தில் நிற்கிறவர்களுக்குக் கால் வெடிப்பில் உப்புநீர் ஏறுவது உறைக்காமல் போய், தோல் கிழிந்து சதை தெரிகிறவரை நின்றார்கள். தனுஷ்கோடி, சண்டையில்லாத ஊராட்சி என்று விருதுக்கு விண்ணப்பம் போட்டார், அதையும் பெரிய ஆவல் இல்லாமல்தான் போட்டார்.

ஊரில் படத்தின் முன்னால் நிற்காத ஆள் ஒருத்திதான். அவள் பாக்கியம், கமலவேணியின் அடுத்த வீடு, அளத்தில் உப்பு வாருகிறவள். கமலவேணி கண்காட்சி, பயிலரங்கு என்று ஊர் ஊராகப் போன காலத்திலெல்லாம் ஆதிரைக்குத் தலை பின்னியதும், சோறு போட்டதும், கணக்குப் பாடம் புரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டதும் பாக்கியம்தான். ஆதிரை காய்ச்சலில் கிடந்த அந்த நாலு நாளும் கூட இருந்தவளும் அவள்தான். அந்த நாலு நாளைப் பற்றி அவளும் சொன்னதில்லை, கமலவேணியும் கேட்டதில்லை. தினம் இரண்டு வேளை தூக்கில் சோறு கொண்டுவந்து வைப்பாள், கிழிந்த கால்களோடு வருகிறவர்களுக்கு வாசலில் உட்கார்ந்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி விடுவாள், வரிசையை முறைப்பாள், போவாள்.

"நீயும் ஒரு தடவை வந்து நின்னுட்டுப் போயேன் பாக்கியம்," என்றாள் கமலவேணி ஒருநாள். "உனக்கு டோக்கன்கூட வேணாம்."

"எனக்கு எதுக்குக்கா?"

"பாரம் குறையுமாமே."

பாக்கியம் தூக்கை மூடினாள். "அந்தப் புள்ளை எனக்குன்னு விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான். இதையும் குடுத்துட்டு நான் எதை வெச்சுக்கிட்டு இருக்கிறது? நீங்க சாப்பிடுங்க, ஆறுது."

கமலவேணி சாப்பிட்டாள். அந்தப் பேச்சு தன்னைச் சுட்டிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, சுடவில்லை.

ஆனி மாதம் ரோஷன் லாரியோடு வந்தார். படத்தைச் சென்னைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கப்பலில் கொரியாவுக்கே அனுப்புவதாக ஏற்பாடு, ஆசிய வெறுமை என்று பெரிய கண்காட்சி. ஊர் மறுப்புச் சொல்லவில்லை, சொல்ல அவர்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் படம் சுவரைவிட்டு அசைய மறுத்தது. உப்பு மூட்டை தூக்கிப் பழகிய எட்டு பேர் கைவைத்துப் பார்த்தார்கள், இரும்புச் சட்டம் முனகியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

"வெறும் துணிதானே மேடம்?" என்று ரோஷன் வியர்வையைத் துடைத்தார்.

"ஊர்ச் சாமான் உள்ள இருக்கு," என்றாள் கமலவேணி.

நாகப்பட்டினத்திலிருந்து கிரேன் கொண்டுவருவதாகச் சொல்லி அவர் கிளம்பினார். அவரை வழியனுப்பக் கமலவேணி பேருந்து நிறுத்தம்வரை நடந்தாள். அந்த அரைமணி நேரத்தில், மத்தியானச் சோற்றோடு வந்த பாக்கியம் முதல்முறையாக அந்தக் கூடத்தில் தனியாக நின்றாள்.

திரும்பி வந்த கமலவேணி படத்தைப் பார்த்தாள். வலது பக்கம் கீழே, முகமாக இருந்தால் கன்னம் இருக்கும் இடத்தில், சுண்டுவிரல் அகலத்துக்குக் கருப்பாக ஒரு பொட்டு. கண்மை. விரல் ரேகைகூடத் தெரிந்தது. பாக்கியம் கண்மை டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு, சாணி தெளித்த வாசலைப் பார்ப்பதுபோலத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ணியிருக்கே?"

"பொட்டு வெச்சேன்க்கா."

"யாரைக் கேட்டு வெச்சே?"

"இதுக்கு யாரைக் கேக்கணும்?" பாக்கியத்துக்கு உண்மையாகவே ஆச்சரியம். "மூணு மாசமா ஊர் மொத்தமும் வரிசையில நின்னு கண்ணு வெச்சிருக்கு. இப்ப கப்பல் ஏறப் போகுதுங்கறீங்க. பயணம் போறதைப் பொட்டு வெக்காமலா அனுப்புவாங்க?" சொல்லிவிட்டு இடுப்பிலிருந்த டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். "அன்னிக்கு ஆம்புலன்ஸுல ஏத்துறப்ப அவளுக்கு வெக்காம விட்டுட்டேன்க்கா. கைக்குழந்தையிலேருந்து வெளியூர் போற ஒவ்வொரு தடவையும் வெச்சிருக்கேன், காலேஜ் போறப்ப மானம் போகுதுன்னு காதுக்குப் பின்னால வெச்சுக்குவா. அன்னிக்கு டப்பா கையிலதான் இருந்துச்சு. அவசரத்துல மறந்துட்டேன். நான் மறந்துட்டேன்க்கா."

ஒன்றரை வருஷமாகத் துணிப்பைக்குள் கிடந்த கைபேசிதான் மகளைக் கொன்றது என்று கமலவேணி நம்பிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டில் ஒருத்தி கண்மை டப்பாதான் கொன்றது என்று நம்பிக்கொண்டு தினம் இரண்டு வேளை சோறு கொண்டுவந்திருக்கிறாள். கமலவேணி மறுபடி படத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் மூடியாக இருந்த வெள்ளை, அந்த ஒரு பொட்டைச் சுற்றிப் பின்வாங்கி, ஆழமாகி, ஒருவர் வந்து உட்காரலாம் என்கிற மாதிரி இடம் விட்டிருந்தது. இருபது வருஷம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு அவள் தேடியது இந்த இடத்தைத்தான், அது எடுத்ததில் கிடைக்கவில்லை, பாக்கியம் வைத்ததில் கிடைத்தது. மரத்துப்போன காலில் உணர்வு திரும்பும்போது முதலில் வலிக்காது, எறும்பு ஊரும். அவளுக்கு நெஞ்சில் எறும்பு ஊர்ந்தது. அவ்வளவுதான், அழுகை வரவில்லை.

ஆனால் தெருவில் ஒரு கூச்சல் கேட்டது. ரெங்கநாயகி, புருஷன் செத்து ஒரு மாதம் கழித்து, அரிசி களைந்துகொண்டிருந்தவள் பானையைப் போட்டுவிட்டு வாசலில் புரண்டு அழுதாள். ஞானதுரை யார் வீட்டு மீட்டரிலோ எண்ணைப் பாதி எழுதிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அளத்தில் நின்றவர்களெல்லாம் ஐயோ காலு ஐயோ காலு என்று வரப்பில் ஏறினார்கள். எல்லாருக்கும் தங்களுடையது பாதி வந்து பாதி வராமல் தொண்டையில் நின்றது, மீதி படத்துக்குள் இருந்தது. சாயங்காலத்துக்குள் ஊரே கமலவேணியின் வாசலில் கூடிக் கத்தியது. குடுத்ததை நாங்க திருப்பிக் கேட்டமா, எந்த மகராசி பொட்டு வெச்சா என்று பாக்கியத்தின் ஏழு தலைமுறையையும் இழுத்தார்கள். பாக்கியமும் சும்மா இருக்கவில்லை, அவர்கள் எட்டாவது தலைமுறைக்குப் போனாள். மூன்று மாதம் கழித்து அளத்தங்கரையில் நடந்த முதல் சண்டை அது.

கடைசியில் தனுஷ்கோடிதான் மேசைமேல் ஏறி நின்றார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது, செத்துப்போன தம்பி பாதி தொண்டையில் இருந்தான்.

"வெச்சது வெச்சாச்சு. அவங்கவங்க குடுத்ததை அவங்கவங்க வந்து வாங்கிக்குங்க. கடைசியாக் குடுத்ததுதானே மேல கிடக்கும்? அதனால கடைசி டோக்கன் முதல்ல வரட்டும்."

ஒன்பது நாள் வரிசை நின்றது. கல்யாண மண்டபத்தில் கழற்றிப் போட்ட செருப்பு மாறும், கோயிலில் கொடுத்த குடை மாறும், இதில் மட்டும் ஒன்றுகூட மாறவில்லை, கொஞ்சம் சிறிசாகப் பார்த்து எடுத்துக்கொள்வோம் என்று எவரும் கைவைக்கவில்லை. உள்ளே போனவர்கள் ஐந்து நிமிஷத்தில் முகம் வீங்கி வெளியே வந்து, மோரைக் குடித்துவிட்டு, அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்ச் சாம்பாரில் உப்பில்லை என்று கத்தினார்கள். கிரேனோடு வந்த ரோஷன், பொட்டைத் துடைத்துத் தந்துவிடலாம், சென்னையில் ஆள் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். கமலவேணி படத்தை அனுப்புவதாக இல்லை என்று சொல்லிவிட்டாள். வீணாகப் போக வேண்டாமே என்று கிரேன், ஓடையில் கவிழ்ந்து கிடந்த ஒரு டிராக்டரைத் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பியது. நாளுக்கு நாள் படத்தின் எடை இறங்கியது. இரும்புச் சட்டத்தை எடுத்தார்கள், பிறகு கொக்கிகளை. ஒன்பதாம் நாள் மத்தியானம் முதல் டோக்கன் ஞானதுரை, அண்ணன் எழுப்பிய பந்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அண்ணனுக்குக் கைபேசியில் ஏசிக்கொண்டே சைக்கிளில் போனார்.

வாசல் காலியானது. பாக்கியம் தூக்கோடு வந்தாள். படம் இப்போது பழைய ஒற்றை ஆணியில் தொங்கியது, ஆனால் ஆணி இன்னும் சற்று வளைந்தே இருந்தது.

"இன்னும் ஏதோ உள்ள இருக்கு போல," என்றாள் பாக்கியம். "யாரு வாங்காம விட்டது?"

ஞானதுரைக்கு முன்னால் பதினோரு மாதம், தினம் ஒரு பூச்சாக, யார் வைத்தது என்று கமலவேணிக்கு அப்போதுதான் தெரிந்தது. முதலில் வைத்ததாகையால் அது அடியில் கிடந்தது. அவள் நாற்காலியைவிட்டு எழுந்து, எல்லாரையும்போல நாலடி தள்ளி நின்றாள். தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்ட அந்தப் பிக்குணி ஞாபகத்துக்கு வந்தாள். முப்பது வருஷம் பயின்று அவள் உள்ளே அத்தனை இடம் விட்டு வைத்திருந்தாள், அதனால்தான் ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணுக்கும் அதில் இடம் இருந்தது. கமலவேணி வெள்ளையைப் பார்த்தாள், பொட்டைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள்.

"பாக்கியம்."

"என்னக்கா?"

"அந்த நாலு நாள்ல அவ ஏதாவது சாப்பிட்டாளா?"

பாக்கியம் தூக்கைக் கீழே வைத்தாள். ஒன்றரை வருஷமாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவள்போலச் சட்டென்று சொன்னாள்:

"புதன்கிழமை ரெண்டு கரண்டி கஞ்சி குடிச்சாக்கா. உப்பே போடலைன்னு என்னைத் திட்டினா. உப்பளத்துல வேலை பாக்குற, ஒரு கல்லு உப்புப் போட மாட்டியான்னு கேட்டா."

கமலவேணி தரையில் உட்கார்ந்தாள். அவளிடமிருந்து கிளம்பிய சத்தம் தபால் நிலையம்வரை கேட்டது, கேட்டவர்கள் வந்து எட்டிப் பார்க்கவில்லை, அவரவர் வேலையைச் செய்தார்கள். கண்ணிலிருந்து வழிந்தது வாய்க்குள் இறங்கியது, கரித்தது. சுவரில் ஆணி நிமிர்ந்தது. பாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கட்டும் என்று, கஞ்சியில் தொடங்கி அந்த நாலு நாளையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.